ஏழாவது கிரீனின் இடது மூலை

புல் தண்ணீர் இல்லாமல் சாவது குறைவு. தண்ணீர் வடியாமல் சாவதுதான் அதிகம். தென் லண்டனில், மிச்சம் (Mitcham) என்ற ஊரில், எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்கு இதை இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டு நாள் வெயில் எறித்தால் குழாயைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார்கள். வேர் அழுகிப் புல் மஞ்சளான பிறகு, "தில்லையண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்ப்பேன். அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லித் தாள்களைத் தந்துவிட்டுப் போனீர்கள். மொழிபெயர்க்கும் பெண் பிறகு ஆங்கிலத்தில் மாற்றுவார் என்றீர்கள். நல்லது. என் ஆங்கிலம் கவுன்சில் பூங்காவில் வேலை செய்யப் போதும், இதற்குப் போதாது. அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவையுங்கள், நான் எழுதாத எதையும் சேர்க்க வேண்டாம். நானும் ஒருமுறை பொலிசுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அது எப்போது என்பது பின்னால் வரும்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ட்ராம் தரிப்பிடத்துக்குப் பின்தெருவில் மூன்று அறை வீடு. முன்னறையில் கமலாம்பிகை, நடு அறையில் அவள் மகள் சயந்தினி, பின்னறையில் நான். நான் கமலாம்பிகையின் கணவன் இல்லை, உடன்பிறந்தவனும் இல்லை. அவள் என்னை அண்ணை என்பாள், பிள்ளை மாமா என்பாள். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் கைவிரல்கூட என்மேல் பட்டதில்லை. எங்கள் ஆட்கள் யாரிடமும் விசாரித்துப் பாருங்கள், தில்லையம்பலத்தைப் பற்றிக் கோணலாக ஒரு வார்த்தை வராது.

அவளுடைய கணவன் பெயர் பாலேந்திரா. என் நண்பன். ஜேர்மனியில் அகதிகள் விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். 1999 நவம்பரில் அவன் காணாமற்போனான். அவளும் பிள்ளையும் அவனிடம் வந்து சேர இரண்டு நாள்தான் இருந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஊரைவிட்டு வந்தவன், அதன் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து போன வியாழக்கிழமைவரை கமலாம்பிகை அவனுக்காகக் காத்திருந்தாள். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை விடவில்லை. எங்களவர்களில் இப்படி எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், ஆகையால் யாரும் அதைப் புதுமையாகப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்னும் கம்பி போன் இருக்கிறது. அதன் இலக்கத்தை அவள் ஜேர்மன் பொலிசிலும், காணாமற்போனவர்களைத் தேடித் தருகிற அமைப்புகளிலும், ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்து வைத்திருந்தாள். அதை மாற்ற விடமாட்டாள். மணி அடித்தால் கையில் மா ஒட்டியிருந்தாலும் ஓடிப்போய் எடுப்பாள். பெரும்பாலும் இன்சூரன்ஸ்காரர் யாராவது இருப்பார். "இல்லை, ராங் நம்பர்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்வாள், நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவோம். நோர்தேர்ண் லைனில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். அவள் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். பாலேந்திரா, உத்தரட்டாதி நட்சத்திரம், நீண்ட ஆயுள். நான் பக்கத்தில் நின்று கும்பிடுவேன். இருவரும் படியில் உட்கார்ந்து விபூதியை மடித்துக்கொண்டு திரும்பி வருவோம். அந்தப் பயணம் எனக்குப் பிடிக்கும். ரயிலில் ஒரு மணிநேரம் கதைத்துக்கொண்டு வரலாம்.

இனி ஜேர்மனி. நான் அங்கே போனது தொண்ணூற்றிரண்டில். எங்களைப் போட்ட ஊரின் பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரனும் யோசிப்பான், அவ்வளவு சின்ன ஊர். சுற்றிவரக் கோதுமை வயல், நடுவில் பழைய பிரபு ஒருவரின் மாளிகைத் தோட்டம். அதை ஒரு கழகம் கோல்ஃப் மைதானமாக்கியிருந்தது. கடற்கரை மணலில் மரமே இல்லாமல் அமைக்கிற மைதானங்கள் உண்டு, இது அப்படியில்லை. நூற்றைம்பது வயது ஓக் மரங்கள், லிண்டன் மர வரிசை, குளத்தில் வாத்து, நடுவே சீவிவிட்ட புல். முதல்முறை பார்த்தபோது இவ்வளவு அமைதியான இடத்தில் மனிதன் ஏன் சின்னப் பந்தை அடித்துத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் புல்லை நான் நேசித்தேன்.

அங்கே தலைமைப் பராமரிப்பாளர் வெர்னர். பேச்சுக் குறைவு, கண்டிப்பு அதிகம். எனக்குப் பிடித்த மனிதர். குழியும் கொடியும் இருக்கிற வழவழப்பான புல்தரையைக் கிரீன் என்பார்கள். மைதானத்தில் பதினெட்டுக் கிரீன்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் குழியை இடம் மாற்றவேண்டும், அல்லது ஒரே இடத்தில் கால் பட்டுப் புல் தேய்ந்துவிடும். இரும்புக் குழல் ஒன்றை அழுத்தித் திருகினால் புல்லும் மண்ணுமாக ஓர் உருண்டைத் துண்டு வரும். அந்தத் துண்டை நேற்றைய குழியில் வைத்து, மட்டம் பார்த்து மிதித்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அங்கே குழி இருந்ததென்று கடவுளுக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் அந்த வேலையை வெர்னர் முழுக்க என்னிடமே விட்டுவிட்டார். "நீ சொன்னதைச் செய்கிறாய், சொல்லாததைச் செய்வதில்லை" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அதுதான்.

பாலேந்திரா ஒரு பேக்கரியில் இரவு வேலை. பகல் முழுவதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவான். கமலாம்பிகை பிள்ளையோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு விடுதி நடையிலிருந்த போனுக்கு எடுப்பாள். என் விடுமுறை நாள் என்பதால் நான்தான் எடுத்து அவனை எழுப்பிவிடவேண்டும். உடனே எழுப்பினால் அவனுக்குத் தலையிடிக்கும். ஆகையால் ஒரு பத்து நிமிடம் நான் கதைத்துவிட்டு எழுப்புவேன்.

என்ன கதைத்தோம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை.

"இஞ்ச நூறு ஏக்கரிலை புல்லு வளர்க்கினம் தங்கச்சி. ஒரு மாடு இல்லை."

"அப்ப ஆர் அண்ணை தின்னுறது?"

"ஒருத்தரும் இல்லை. நான் வளர்க்கிறன், நான் வெட்டுறன், நானே கொண்டுபோய்க் கொட்டுறன்."

அவள் சிரித்தாள். லொட்ஜ் அறையில் ஆமி, பொலிஸ் செக்கிங் பயத்தோடு இருந்த பெண், வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவளாகவே, "அண்ணை, புல்லு எப்பிடி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறு வரும்வரை கிழமையில் நடந்தவற்றை அவளுக்குச் சொல்வதற்காக மனதில் அடுக்கி வைப்பேன். வாத்து பந்தில் அடைகாத்தது, ஒரு மருத்துவர் பன்னிரண்டாவது கிரீனுக்குப் பக்கத்துக் குளத்தில் கோபத்தில் தன் தடியையே எறிந்தது. பத்து நிமிடம் இருபது ஆனது. சில ஞாயிறுகளில் பாலேந்திராவை எழுப்ப நேரம் கிடைக்கவில்லை. அவன் நன்றாகத் தூங்குகிறான் என்று சொன்னால் அவளும் சரி என்பாள். நான் அவளை விரும்பினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அவளை நான் பார்த்ததுகூட இல்லை. அந்தப் பேச்சு நின்றுபோகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

1999 ஒக்டோபர் முடிவில் ஏழாவது கிரீனைத் திரும்பக் கட்டினோம். பழைய தரை தண்ணீர் வடியாமல் அழுகிவிட்டது. வெர்னர் கயிறு கட்டி, ஆணியில் நாற்பது சென்ரிமீற்றர் ஆழம் குறித்துவிட்டார். அடியில் பத்துச் சென்ரிமீற்றர் சரளைக்கல், மேலே முப்பது மணற்கலவை, அதன்மேல் புல். நானும் அவரும் சின்னத் தோண்டும் இயந்திரமும். ஒரு சென்ரிமீற்றர் கூடினால்கூட வெர்னருக்குப் பிடிக்காது. சரளைக்கல் லொறி புதன்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை கமலாம்பிகை போன் எடுத்தாள். விசா கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை பிராங்போர்ட்டில் இறங்குகிறோம் என்றாள். "அவரிட்டச் சொல்லுங்கோ அண்ணை, மறந்திடாதேங்கோ. எழுப்புங்கோ, நானே சொல்லுறன்" என்றாள். எழுப்பப் போனேன், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அல்லது நான் வைத்திருப்பேன். இருபத்தாறு வருடம் ஆகிறது, எல்லாமா ஞாபகம் இருக்கும்? அதன்பிறகு அவனிடம் சொல்லத் தருணம் வாய்க்கவில்லை. அவன் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவன் போவான். செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் சொன்னேன், "விடிய வேலை முடிஞ்சு மைதானத்துக்கு வா மச்சான், ஒரு விசயம் இருக்கு" என்று.

புதன்கிழமை காலை ஏழு மணியிருக்கும். பனிமூட்டம். வெர்னர் அன்று வீட்டிலிருந்து நேரே பிரதான வீதிக்குப் போய், லொறிக்கு வழிகாட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. பாலேந்திரா மிதிவண்டியில் வந்தான், தலைமயிரில் மா. நான் விசயத்தைச் சொன்னேன். அவன் அழுதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்ர வாயாலை கேக்கிறன் மச்சான்" என்றான். அதன்பிறகு சிரித்தான். சந்தோசம் வந்தால் மனிதனுக்கு வாய் நிற்காது.

"நீ வேற ரூம் பாரடா தில்லை. குடும்பகாரன் ஆகப்போறன்." தோளில் தட்டினான். "கமலா உன்னைப் பற்றி எழுதுவாள், தெரியுமோ? உந்த அண்ணை கதைக்கத் துவங்கினால் விடமாட்டார், பாவம், ஆரும் இல்லாத மனுசன், அதாலை போனை வைக்க மனம் வராது எண்டு."

பாவம் என்று அவள் எழுதியிருந்தாள். எத்தனையோ ஞாயிறுகள் நான் அடுக்கி வைத்துச் சொன்னவற்றுக்கு அவள் கொடுத்த பெயர் அதுதான். எனக்கு அவமானமாக இருந்தது. முகம் சுட்டது. இதைத்தான் நீங்கள் மூன்று தடவை ஏன், ஏன் என்று கேட்டீர்கள், ஆகையால் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு கணத்துக் கோபம். அவன் குனிந்து கிரீனின் இடது பின்மூலையை எட்டிப் பார்த்து, "என்னடா, கிணறே வெட்டுறாய்?" என்றான். என் கையில் மண் இறுக்கும் இரும்புக் கட்டை இருந்தது. வேலைக்காக வைத்திருந்தேன். ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். மருத்துவர்கள் வேறு எண்ணிக்கை சொன்னால் அவர்கள் சொல்வதையே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மூலையில் இடம் இருந்தது. லொறி சொன்ன நேரத்துக்கு வந்தது. அதற்கு முன் நான் அவனுடைய மிதிவண்டியை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் பின்வயல் வழியாகத் திரும்பிவிட்டேன். பின்னேரத்துக்குள் நானும் வெர்னரும் சரளைக்கல்லைப் பரவி முடித்தோம். வெர்னர் மேலே முப்பது மிச்சம் இருக்கிறதா என்று கோல் வைத்து அளந்தார். எல்லா இடத்திலும் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நானே பிராங்போர்ட்டுக்குப் போனேன். கையில் பெயர் எழுதிய மட்டையோடு நின்றேன். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மெல்லிய பெண் வந்து, என் முகத்தையும் எனக்குப் பின்னால் இருந்த முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அவர் எங்கை அண்ணை?"

இரண்டு நாளாக ஆளைக் காணவில்லை என்றேன். அது உண்மைதான். பொலிசுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவள் சொல்லச் சொல்ல நான் ஜேர்மனில் மொழிபெயர்த்தேன். முன்பே சொன்னேனே, ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "என்ர மனுசனுக்கு இந்தப் பிள்ளையைத் தவிர வேற நினைப்பில்லை, அவர் எங்களை விட்டிட்டுப் போகமாட்டார்" என்றாள், அதை அப்படியே சொன்னேன். நிலையத்தில் நின்ற மிதிவண்டியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் விடுதியிலிருந்து ஆட்கள் ஏஜென்ற் பிடித்துப் பாரிஸ், கனடா என்று கிளம்பிவிடுவது சாதாரணம். அதிகாரி என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளைக்கு நீந்தப் பழக்கினேன், சைக்கிள் பழக்கினேன், பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தேன். பாலேந்திரா இருந்திருந்தால் பகல் முழுவதும் தூங்கியிருப்பான்.

ஆனால் அவன் என்னை விடவில்லை. அடுத்த வசந்தத்தில் ஏழாவது கிரீனின் அந்த மூலை கொஞ்சம் தாழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரிந்தது. எங்கிருந்து தட்டினாலும் கடைசியில் மெதுவாக வளைந்து அங்கேதான் போய் நிற்கும். கழகத்தார் அதைப் பெரிய நுணுக்கம் என்று புகழ்ந்தார்கள். ஆறு வருடம் நான் தினமும் குழியை மாற்றினேன், ஒருநாள்கூட அந்த மூலையில் வெட்டவில்லை. கை போகவில்லை. இரும்புக் குழலை அங்கே அழுத்தினால் என்ன வரும் என்று தெரியும், வெறும் மணற்துண்டுதான் வரும். இருந்தும் முடியவில்லை. ஒருநாளும் குழி வெட்டாததால் அங்கே மட்டும் புல் கடும்பச்சையாக நின்றது. வெர்னர் ஒருநாள் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "அந்த மூலையோடு உனக்கு என்ன கோபம்?" என்று கேட்டார். வடிகால் சரியில்லை என்றேன். அவர் சிரித்தார், அந்த வடிகாலை வைத்தவனே நான்தான்.

அந்தத் தேதி வந்தால் மரக்கறி மட்டும் சாப்பிடுவேன். விடிய முதல் தண்ணீரை ஏழாவது கிரீனில் கையால் தெளிப்பேன். எள் போடவில்லை. கிரீனில் வேறு விதை விழக்கூடாது.

2005இல் ஜேர்மன் கடவுச்சீட்டுகள் கிடைத்ததும் லண்டனுக்கு வந்தோம். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். கடல் தாண்டினால் அவன் வரமாட்டான் என்று உள்ளுக்குள் நினைத்தேன். வந்து மூன்றாம் மாதம், விடியப்புறம் என் அறைக்கு வெளியே, பந்து குழிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. டொக். கதவைத் திறந்தால் நடையில் கமலாம்பிகை, போன் மணி அடித்தது போலிருந்தது என்று எழும்பி வந்து நிற்கிறாள். அவளுக்கு மணி கேட்டிருக்கிறது, எனக்குப் பந்து. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் படுக்கப் போனோம். இப்படிப் பல தடவை. போன வருடம் எங்கள் பின்வளவில், இடது மூலையில், வெள்ளைப் பந்து ஒன்று கிடந்தது. பக்கத்து வீட்டு நாய் பூங்காவிலிருந்து கவ்விக்கொண்டு வந்திருக்கும். பயந்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து அந்த மைதானத்தைப் பார்த்தேன். குளம், லிண்டன் வரிசை, ஏழாவது கிரீன். மேலிருந்து பார்த்தாலும் அந்த மூலை தனியாகத் தெரிந்தது.

கதி கிடைக்காதவன்தான் இப்படி அலைவான். அவனுக்கு முறையாகச் செய்யவேண்டியதைச் செய்தால் அடங்கிவிடுவான் என்று தோன்றியது. ஆகையால் லண்டனுக்கு வந்த வருடத்திலிருந்தே ஈஸ்ட் ஹாமில் ஓர் ஐயரிடம் திவசம் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். எங்கள் பகுதியிலும் ஐயர்மார் உண்டு, தெரிந்த முகங்கள் வேண்டாம் என்று அவ்வளவு தூரம் போனேன். பிரஷர் கிளினிக்குக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன். ஐயரிடம், பிள்ளைகுட்டி இல்லாமல் இறந்த நண்பன் என்றேன். அவர் பெயர், நட்சத்திரம், இறந்த திதி கேட்டார். பாலேந்திரா, உத்தரட்டாதி, ஐப்பசி அபரபக்கத் தசமி. பஞ்சாங்கம் பார்த்துச் சரியாகவே சொன்னேன். இருபது வருடம் அரிசி, காய்கறி, வேட்டி வைத்து ஒரு வருடமும் பிசகாமல் கொடுத்தேன். ஒரே பெயர், ஒரே நட்சத்திரம். ஆர்ச்வேயில் அவன் உயிரோடு இருந்தான், ஈஸ்ட் ஹாமில் இறந்திருந்தான். இரண்டு இடத்திலும் நான் கைகூப்பி நின்றேன்.

என் தவறு இங்கேதான். நாள் தெரியாமல் போனவர்களுக்கு ஆடி அமாவாசையில் பொதுவாகக் கொடுப்பார்கள். தகப்பன்மாருக்கென்றே உள்ள நாள். நானும் அந்தக் கூட்டத்தோடு கொடுத்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நாள் தெரிந்திருந்தும் வேறு நாளில் கொடுப்பது எனக்கு முறையாகப் படவில்லை. அவனுக்குரியதை அவனுக்குரிய நாளில் கொடுக்கவேண்டும் அல்லவா?

சயந்தினிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பிரவீணன், நல்ல பொடியன், ஈஸ்ட் ஹாம். கல்யாணத்தை நடத்துவது மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழக்கமான ஐயர். போன வியாழக்கிழமை பிள்ளை வேலை முடிந்து அவரிடம் விபரங்கள் கொடுக்கப் போனாள். தாரைவார்க்கும்போது பெண்ணின் பாட்டன், தகப்பன் பெயர்களைச் சொல்லவேண்டும். அவற்றோடு, தகப்பன் இடத்தில் நிற்கப்போகிற என் பெயரையும் அவள் சொன்னதும் ஐயர் தன் கொப்பியைப் புரட்டியிருக்கிறார்.

அன்று மாலை கமலாம்பிகை சாப்பாட்டு மேசையில் கல்யாணக் கார்ட்டின் மாதிரியை வைத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். 'திரு. திருமதி பாலேந்திரா கமலாம்பிகை' என்றே அச்சடித்திருந்தது. இறந்தவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவது எங்கள் வழக்கம், மாப்பிள்ளை வீட்டார்கூட மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்கள், அவள் சம்மதிக்கவில்லை. நான் எதிரே இருந்து உறைகளை எண்ணினேன். சயந்தினி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"மாமா, அந்த ஐயர் உங்களைத் தெரியும் எண்டு சொல்லுறார். எவ்ரி இயர் அப்பாக்கு திவசம் குடுக்கிறீங்களாம். புக்கில டேட் எல்லாம் எழுதி வச்சிருக்கிறார். பிள்ளை இல்லாத ஆள் எண்டுதான் நீங்கள் சொன்னனீங்களாம். என்னைப் பார்த்து, நீ ஆரம்மா எண்டு கேக்கிறார்."

கைபேசியில் எடுத்த படத்தைத் தாயிடம் நீட்டினாள். கமலாம்பிகை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். ஐப்பசி அபரபக்கத் தசமி. நீண்ட நேரம் வாசித்தாள்.

"திதி உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?"

ஒரு சாத்திரியார் கணித்துச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்கக்கூடும். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்த விதம், பிராங்போர்ட்டில் எனக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தாளே, அதே மாதிரி இருந்தது. இந்த முறை பின்னால் யாருமில்லை.

"அண்டைக்கு நான் அவனோட நிண்டனான்" என்றேன்.

"எந்தக் கிழமை?"

"புதன்."

"நான் வாறன் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"சொன்னனான். அண்டைக்கு விடியத்தான் சொன்னனான். அவன் அழுதவன், கமலா. சந்தோசத்திலை அழுதவன்."

அவள் கார்ட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பேனையை எடுத்து, அவன் பெயருக்கு முன்னால், மெதுவாக, ஓர் எழுத்தும் கோணாமல், அமரர் என்று எழுதினாள். இருபத்தாறு வருடம் எழுத மறுத்த சொல். சயந்தினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கமலாம்பிகை பேனையை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நான் உங்களிட்ட ஞாயிற்றுக்கிழமை சொன்னனான். நீங்கள் புதன்கிழமைதான் அவருக்குச் சொன்னனீங்கள். அப்ப திங்களும் செவ்வாயும் என்ன செய்தனீங்கள்?"

அண்ணை என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள். அதற்குள் கம்பி போன் அடித்தது. அவள் எழுந்து போகவில்லை. மூவரும் அது அடித்து ஓயும்வரை இருந்தோம். பிறகு சயந்தினி வெளியே போய் உங்களுக்கு அறிவித்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, பொறுப்பான பிள்ளை, நான் வளர்த்தவள்.

ஜேர்மன் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்து ஈரச் சாக்கில் வைக்கச் சொல்லுங்கள், அன்றே திரும்பப் பதித்தால் பிழைக்கும். மணலையும் கல்லையும் கலக்கவிடாமல் தனித்தனியே கொட்டவேண்டும். மற்றபடி எல்லாம் எழுதிவிட்டேன். அது ஒரு கணத்துக் கோபம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கமலாம்பிகை கேட்டதை மட்டும் இந்த மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டது சரியில்லை. செவ்வாய்க்கிழமை குறிப்பாக எதுவும் செய்யவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் வெர்னர் வீட்டுக்குப் போன பிறகு, ஏழாவது கிரீனின் இடது பின்மூலையில், அவர் ஆணியில் குறித்த ஆழத்துக்குக் கீழே இன்னும் ஒரு மீற்றர் தோண்டினேன். நீளம் ஆறடி இருக்கும். பக்கங்களை நேராக வெட்டி, மேலே பலகை போட்டு மூடி, அதன்மேல் மண்ணைப் பரவிவிட்டு வந்தேன். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்றுதான் தோண்டியிருப்பேன்.